எட்டு வயது மகளை ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்க்கலாமா? தண்டையார்பேட்டையிலிருந்து கேட்கிறேன்

டோல்கேட் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போனில் பார்த்துப் பார்த்தே பின்பக்கம் வளைந்து தரையைத் தொடுவது, கையை ஊன்றிச் சக்கரம் போடுவது, காலை நேராக விரித்து உட்காருவது எல்லாம் தானாகவே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து பி.டி. மிஸ் என்னைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளையைச் சும்மா விடாதீர்கள், ஜிம்னாஸ்டிக்ஸில் சேருங்கள் என்றார். விசாரித்தேன். சென்ட்ரல் தாண்டி ஒரு ஹால் இருக்கிறதாம், மாலையில் மூன்று மணி நேரம், ஞாயிறு மட்டும் லீவு. மெட்ரோவில் கூட்டிக்கொண்டு போய்விடலாம், அது பிரச்சினை இல்லை.

வீட்டில்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பெண் பிள்ளைக்குக் கை கால் ஒடிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று மாமியார். ஜிம்னாஸ்ட் தீபா கர்மாக்கர் மாதிரி வந்தால் நமக்குத்தானே பெருமை என்று வீட்டுக்காரர். தீபா 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் நாலாவதாக வந்தார், அப்புறம் ஓய்வு பெற்றுவிட்டார், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும், நம் பக்கத்துப் பிள்ளைக்கு அது ஆகுமா என்று தெரிந்தவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

காசிமேடு தம்பி:

அக்கா, யோசிக்கவே வேண்டாம், சேர்த்துவிடுங்கள். நம் பிள்ளைகளுக்கு இல்லாத தைரியமா? சாயங்காலம் இங்கே தூண்டில் வளைவுப் பக்கம் வந்து பாருங்கள். பத்து வயதுப் பையன் பாறை மேலிருந்து பின்பல்டி அடித்துக் கடலில் விழுந்து, சிரித்துக்கொண்டே நீந்தி வருவான், அவனுக்கு ஒருத்தரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பாக்ஸிங் என்றால் தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கம்தான். ஃபுட்பால் என்றால் வியாசர்பாடி. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண், அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். இத்தனை பேர் வந்த மண்ணிலிருந்து ஒரு ஜிம்னாஸ்ட் வரமாட்டாளா? தீபா திரிபுராவிலிருந்து வந்திருக்கிறார், வடசென்னையிலிருந்து ஒருத்தி வரக்கூடாதா?

பெரம்பூர் பீம்:

தம்பி, தைரியத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்கமாட்டேன். ஆனால் இந்த விளையாட்டு முதலில் கேட்பது தைரியத்தை இல்லை. நான் மாநில அளவில் ஆடியவள், இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பயமே இல்லாத பிள்ளை வந்தால் எனக்குத்தான் பயம் வரும். கடலில் தப்பாக விழுந்தால் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், தரையில் தப்பாக விழுந்தால் கழுத்து போகும். அதனால் முதல் வருஷத்தில் பாதி நேரம் விழத்தான் கற்றுக்கொடுப்போம். கையை நீட்டி ஊன்றாமல் உருள வேண்டும், மோவாயை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்கக்கூடாது. இதைச் சொன்னால் பெற்றவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். எப்போது பல்டி சொல்லிக்கொடுப்பீர்கள் என்று இரண்டாவது வாரமே கேட்பார்கள்.

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த வாழ்க்கை என்றால் இதுதான். சுவரைப் பார்த்து ஹேண்ட்ஸ்டாண்ட், அதாவது கையை ஊன்றித் தலைகீழாக நிற்பது, வயிறு சுவரில் ஒட்டியிருக்க வேண்டும், தோள் காதைத் தொட வேண்டும், ஒரு நிமிஷம். இறங்கு, மூச்சு விடு, மறுபடியும். காலை நேராக விரித்து ஸ்பிளிட்டில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வர எண்ணிக்கொண்டிருப்பது. தொங்கிச் சுற்றுகிற கம்பியான பாரைப் பிடிக்க ஆரம்பித்தால் உள்ளங்கை காய்த்துப்போகும், காய்த்த இடம் ஒருநாள் சுற்றும்போதே பிய்ந்துகொண்டு வரும். தொங்குகிற தோலை நகவெட்டியால் ஒட்ட வெட்டி, கழுவி, பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு அன்றைக்கு மீதியை பீமில், அதாவது மேலே நின்று செய்கிற ஒல்லியான கட்டையில், முடிக்க வேண்டும். ராத்திரி ரசம் சோற்றைப் பிசைய முடியாது, ஸ்பூனில்தான் சாப்பாடு. ஐந்து மீட்டர் நீளமுள்ள பீமின் மேற்பரப்பு அகலம் 10 சென்டிமீட்டர். போட்டியில் அது தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த உயரத்துக்குப் போவதற்கு முன் தரையில் கோடு, அப்புறம் முட்டிக்குக் கீழே ஒரு குட்டி பீம் என்று வருஷக்கணக்கில் போகும்.

ஆனால் ஒன்று. ஒரு ஸ்கில் முதல்தடவை வருகிற நாள் இருக்கிறதே, பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். மற்றது எல்லாமே அதற்காகத்தான்.

தம்பி, கேரமும் பாக்ஸிங்கும் இங்கே வளர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு போர்டு, ஒரு விளக்கு, நாலு ஸ்டூல் இருந்தால் தெருவுக்குத் தெரு கிளப் ஓடும். பாக்ஸிங்குக்கு ஒரு கொட்டகையும் ஒரு மணல் மூட்டையும் போதும், மீதியை வாத்தியார் பார்த்துக்கொள்வார். ஜிம்னாஸ்டிக்ஸ் அப்படி இல்லை. உயரமான கூரை, 25 மீட்டர் ஓட இடம், ஸ்பிரிங் வைத்த தரை, கனமான மெத்தைகள், ஃபோம் துண்டுகளை நிரப்பிய குழி. பிட் என்போம், புது ஸ்கில் எல்லாவற்றையும் முதலில் அதற்குள்தான் விழுந்து பழக வேண்டும். தைரியமான பிள்ளைகள் நம்மிடம் ஏராளம், விழ இடம்தான் இல்லை.

கொருக்குப்பேட்டை அப்பா:

நான் கொஞ்சம் கசப்பாகத்தான் பேசப்போகிறேன், மன்னிக்கவும். தீபா எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று எல்லோரும் பேசுகிறோம், சரி. கடைசியில் என்ன? நாலாவது இடம். அதுவும் ஓடி வந்து மேஜையில் கை ஊன்றிப் பாய்கிற வால்ட் பிரிவில், மரண வால்ட் என்று எல்லோரும் பயந்த ஒன்றைச் செய்து, உயிரைப் பணயம் வைத்து. அடுத்த வருஷமே முட்டி போனது, ஆபரேஷன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஒரு இந்திய ஜிம்னாஸ்ட்கூட இல்லை. தேசிய சம்மேளனம் பல வருஷம் மத்திய அரசின் அங்கீகாரமே இல்லாமல் கிடந்தது. கோடியில் ஒருத்திக்குக் கிடைக்கிற பேருக்காக எட்டு வயதுப் பிள்ளையின் சாயங்காலத்தை எல்லாம் எடுத்துக்கொள்வதா? என் பெண்ணை நான் ஒரு வேறு விளையாட்டில் விட்டுப் பத்தாம் வகுப்பில் நிறுத்தினேன். அவள் இழந்ததைப் பார்த்த வலியில்தான் சொல்கிறேன்.

பெரம்பூர் பீம்:

அண்ணா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் "கடைசியில் நாலாவது" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். 2016 ஆகஸ்ட் 14 ராத்திரி தூங்காமல் பார்த்தவள் நான்.

வால்ட் ஃபைனலில் இரண்டு வால்ட், இரண்டின் சராசரிதான் மதிப்பெண். தீபாவின் முதல் வால்ட் 14.866, இரண்டாவது நீங்கள் சொன்ன அந்த மரண வால்ட், புரொடுனோவா என்பார்கள், அதற்கு 15.266, சராசரி 15.066. வெண்கலம் வாங்கிய ஸ்விட்சர்லாந்து ஜூலியா ஸ்டைன்க்ரூபர் 15.216. இடைவெளி 0.150. இறங்கிய பிறகு ஒரு சின்ன எட்டு வைத்தாலே ஜட்ஜ் 0.1 வெட்டுவார், இப்போது நினைத்துப் பாருங்கள். தங்கம் சிமோன் பைல்ஸ், வெள்ளி ரஷ்யாவின் மரியா பசேக்கா. 1975-ல் பிறந்த ஒக்ஸானா சுசோவிட்டினாவும் அதே ஃபைனலில் புரொடுனோவா போட்டார், இறங்கி முன்னால் உருண்டார், ஏழாவது இடம்.

அந்த வால்ட் எதற்கு என்று கேட்பீர்கள். 2006-லிருந்து பழைய பத்துக்குப் பத்து முறை கிடையாது. கடினத்துக்கு ஒரு மதிப்பெண், செய்த அழகுக்குப் பத்திலிருந்து கழித்துக் கழித்து ஒரு மதிப்பெண், இரண்டையும் கூட்டுவார்கள். அப்போது புரொடுனோவாவின் கடின மதிப்பு 7.0, வேறு எந்த வால்ட்டுக்கும் அவ்வளவு கிடையாது. மேஜையில் கை வைத்துத் தள்ளி, முன்னோக்கி இரண்டு முழுப் பல்டி, இறங்கும்போது தரை கண்ணுக்குத் தெரியாது. தீபா அன்றைக்கு நன்றாகத் தாழ்ந்து குந்தியபடிதான் இறங்கினார், ஆனாலும் செய்த அழகுக்கு 8.266 கிடைத்தது. முறுக்கு அதிகமுள்ள வால்ட்களில் உலகத்தோடு போட்டி போட வேண்டும் என்றால் சின்ன வயதிலிருந்தே அதற்கான வசதி வேண்டும். அகர்தலாவில் அவர் பழகியது பழைய ஸ்கூட்டர் பாகங்களை வைத்துச் செய்த ஸ்பிரிங் போர்டில், வால்ட் மேஜைக்குப் பதிலாக அடுக்கி வைத்த மெத்தைகளில். அவரும் கோச் பிஸ்வேஸ்வர் நந்தியும் கணக்குப் போட்டு எடுத்த முடிவு அது. பிட்டில் விழுந்து விழுந்து, மெத்தை உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் போட்டித் தரைக்கு வந்தார். உயிரைப் பணயம் வைத்தார் என்றால் அந்த உழைப்பு மறைந்துபோகிறது, எனக்கு அதுதான் கோபம். 2017-ல் அந்த வால்ட்டின் மதிப்பை 6.4 ஆகக் குறைத்துவிட்டார்கள், அது வேறு கதை.

தீபா தட்டைப் பாதத்தோடு பிறந்த பிள்ளை. ஆறு வயதில் நந்தி சாரிடம் வந்தபோது இவளால் முடியாது என்று ஒதுக்கக் காரணம் இருந்தது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வெண்கலம், இந்தியப் பெண் ஜிம்னாஸ்ட் வாங்கிய முதல் காமன்வெல்த் பதக்கம். ஒலிம்பிக்ஸுக்குப் போன முதல் இந்தியப் பெண் ஜிம்னாஸ்ட், அதற்கு முன்னால் போன ஆண்கள் கடைசியாக இறங்கியது 1964-ல். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு 2018 ஜூலையில் துருக்கி மெர்சினில் உலகச் சேலஞ்ச் கோப்பைத் தங்கம். அப்புறம் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி 21 மாதத் தடை. அதற்கும் பிறகு 2024 மே மாதம் தாஷ்கண்ட் ஆசிய சாம்பியன்ஷிப் வால்ட்டில் தங்கம், 30 வயதில். அந்தப் போட்டியில் வேறு எந்த இந்தியரும் அதுவரை தங்கம் வாங்கியதில்லை. அந்த அக்டோபரில்தான் ஓய்வு. ரியோவோடு கதையை நிறுத்துகிறவர்கள் தாஷ்கண்ட்டை விட்டுவிடுகிறார்கள்.

ராயபுரம் பிசியோ:

உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், இந்த வயதுப் பிள்ளைகளை தினமும் பார்க்கிறவன்.

வளர்கிற எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு என்று மென்மையான பகுதி உண்டு. ஜிம்னாஸ்டிக்ஸில் கையும் காலின் வேலையைச் செய்வதால் மணிக்கட்டில் அந்தப் பகுதி அடி வாங்கும். பயிற்சி முடிந்தும் மணிக்கட்டு வலி போகவில்லை, ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது, வீங்கியிருக்கிறது என்றால் எண்ணெய் தேய்த்துவிட்டு மறுநாள் அனுப்பாதீர்கள். குதிகால், முதுகின் கீழ்ப்பகுதி, இரண்டுக்கும் அதே விதி. பின்பக்கம் ரொம்ப நன்றாக வளைகிற பிள்ளைகளின் முதுகைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பார்க்கிற எல்லோரும் இன்னும் வளை, இன்னும் வளை என்பார்கள்.

அடுத்தது சாப்பாடு. ஒல்லியாக இருந்தால்தான் மார்க் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பு வலுவிழக்கும், சின்ன விழுதலில்கூட விரிசல் விடும். முட்டை, மீன், பருப்பு, கீரை, சோறு எல்லாம் வயிறாரக் கொடுங்கள். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு டப்பாப் பவுடர் தேடாதீர்கள்.

பவுடர் என்றதும் அந்த 21 மாதத் தடை ஞாபகம் வருகிறது. தீபாவின் மாதிரியில் இருந்தது ஹிஜெனமைன். சில செடிகளிலேயே இயற்கையாக இருக்கும் பொருள், உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலிலும் இருக்கிறது. 2021 அக்டோபரில் எடுத்த மாதிரி, தடை முடிந்தது 2023 ஜூலையில். தெரியாமல் உடம்பில் சேர்ந்தது என்று அவர் சொன்னார். தெரியாமல் என்றாலும் தண்டனை உண்டு, அதுதான் விதி. மூலிகைதானே, ஒன்றும் செய்யாது என்று கடையில் கொடுக்கிற எதையும் போட்டிக்குப் போகிற பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். காய்ச்சல் மருந்தாக இருந்தாலும் டாக்டரிடம் பிள்ளை போட்டியில் ஆடுகிறவள் என்று முதலில் சொல்லுங்கள்.

டோல்கேட் அம்மா:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். அங்கே கோச் ஆண். சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளையைத் தொட்டுத்தானே ஆக வேண்டும்? மாமியார் சொல்லாவிட்டாலும் என் மனதில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்னொன்று, நடுவில் பயம் பிடித்துக்கொண்டால் கட்டாயப்படுத்துவார்களா?

பெரம்பூர் பீம்:

கூச்சப்படவே வேண்டாம் அம்மா, எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியதே இதுதான். அமெரிக்காவில் தேசிய அணியின் டாக்டராகவே இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் பல வருஷம் பிள்ளைகளைச் சீரழித்திருக்கிறான். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில் 150-க்கும் மேற்பட்ட பெண்களின் வாக்குமூலம் கேட்கப்பட்டது, 40 முதல் 175 ஆண்டு வரை தண்டனை. அந்தப் பெண்களில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர்களும் இருந்தார்கள். சின்ன வயதில் சொன்னபோது பெரியவர்கள் நம்பவில்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாதது.

ஆமாம், சப்போர்ட் கொடுக்கும்போது தொட வேண்டும். இடுப்பு, முதுகு, தொடையின் பின்பக்கம், தோள். சரியான சப்போர்ட் என்றால் சுழற்சி முடிந்த நொடியில் கை விலகிவிடும், எல்லோர் கண் முன்னாலும் நடக்கும், எதற்குப் பிடிக்கிறேன் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லப்படும். பெற்றவர்கள் உட்கார்ந்து பார்க்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கக் கூடாது, பிள்ளையின் கவனம் சிதறும் என்று சொன்னால் அங்கே சேர்க்காதீர்கள். தனி அறையில் மசாஜ், தனியாக வெளியூர் கூட்டிப்போவது, இதற்கெல்லாம் ஒரே பதில், முடியாது. பெண் கோச் இருக்கிறாரா, உடை மாற்ற தாழ்ப்பாள் உள்ள அறை இருக்கிறதா என்றும் பாருங்கள். மகளிடமும் சொல்லி வையுங்கள், யார் என்ன செய்தாலும் அம்மாவிடம் சொல்லலாம், அம்மா நம்புவாள் என்று.

பயம் வரும், எல்லோருக்கும். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் சிமோன் பைல்ஸ் காற்றில் இருக்கும்போது உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே தெரியாமல் போய், அணிப் போட்டியின் நடுவில் விலகினார். அவ்வளவு பேர் திட்டினார்கள். 2024 பாரிஸில் திரும்பி வந்து மூன்று தங்கம். பிள்ளை இன்றைக்கு முடியாது என்றால், நல்ல கோச் ஒரு படி கீழே இறங்கிப் பழைய ஸ்கில்லைச் செய்ய வைப்பார். கன்னத்தில் தட்டி மேலே ஏற்றுகிறவர் கோச்சே இல்லை.

அப்புறம் அவசரம் வேண்டாம். சர்வதேச சீனியர் போட்டிக்குப் பெண்களுக்குக் குறைந்தபட்சம் 16 வயது ஆகும் ஆண்டு. உங்கள் பிள்ளைக்கு எட்டு வருஷம் இருக்கிறது. பத்து வயதில் ஸ்டேட் மெடல் என்று ஆசை காட்டுகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கொருக்குப்பேட்டை அப்பா:

சகோதரி, தாஷ்கண்ட் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. ஆனாலும் என் கருத்து முழுதாக மாறவில்லை. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கு எந்த மட்டத்துப் பதக்கம், எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே பெற்றவர்கள் விசாரித்து வைக்க வேண்டும். படிப்பை விடவே கூடாது. மெட்ரோவில் திரும்பி வருகிற நேரத்தில் வீட்டுப்பாடம் முடியட்டும். என் பெண் விஷயத்தில் நடுவில் நிறுத்தியதும் கையில் ஒரு காகிதம்கூட இல்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காசிமேடு தம்பி:

பீம் அக்கா சொன்ன அந்த ஒரு வரி மனதில் தைத்துவிட்டது, விழ இடம்தான் இல்லை. அப்படியென்றால் கேட்க வேண்டியது அதைத்தானே? கவுன்சிலரிடம் போனால் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள், எழுதிக் கொடுக்க நாங்கள் பத்துப் பேர் இருக்கிறோம். ஜிம் கேட்டால் இரும்புத் தண்டும் டம்பெல்லும் வாங்கிப் போட்டுத் திறப்பு விழா வைத்துவிடுவார்கள்.

பெரம்பூர் பீம்:

தம்பி, இதைத்தான் எதிர்பார்த்தேன். ஒரேயடியாக ஒலிம்பிக் தரத்தில் கேட்டால் கோப்பு தூங்கும். ஐந்து மணிக்கு மேல் காலியாக இருக்கிற மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் பெரிய ஹாலைக் கேளுங்கள், மழைத் தண்ணீர் ஏறாத இடமாக. கனமான மெத்தைகள், ஒரு குட்டி பீம், சுவரில் ஏணி போல மரக்கம்பிகள், ஒரு ஸ்பிரிங் போர்டு, ஒரு சின்ன டிராம்போலின். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மூன்று வருஷத்துக்கு இது போதும். பிட் இரண்டாவது கட்டம். எல்லாவற்றுக்கும் மேலே சம்பளத்தோடு நிரந்தரமாக ஒரு கோச், கூடவே ஒரு பெண் உதவிக் கோச். மெத்தை வாங்கிக் கொடுக்க ஆள் கிடைப்பார்கள், மாதச் சம்பளம் கொடுக்கத்தான் யாரும் முன்வரமாட்டார்கள், அதனால் மனுவில் அதை முதல் வரியாக எழுதுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன், என்னிடம் பழகுகிற பிள்ளைகளின் பெற்றோரையும் போடச் சொல்கிறேன்.

ராயபுரம் பிசியோ:

ஹால் வந்தால் மாதம் ஒரு ஞாயிறு பிள்ளைகளை இலவசமாகப் பார்த்துக் கொடுக்கிறேன். மனுவில் முதலுதவிப் பெட்டியும் ஐஸ் வைக்கிற வசதியும் சேருங்கள்.

டோல்கேட் அம்மா:

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். சனிக்கிழமை மூன்று பேருமாகப் போய் முழுப் பயிற்சியையும் உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு. பெற்றவர்கள் உட்கார இடம், பெண் கோச், பிட், இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவேன். மாமியாரையும் வரச் சொல்லியிருக்கிறேன். மனுவில் என் பெயரையும் சேருங்கள் தம்பி. ஒரு சின்னச் சந்தேகம், அந்த ஒட்டின மாதிரி உடை வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?

பெரம்பூர் பீம்:

லியோடார்ட் இப்போது வேண்டாம் அம்மா, சேர்ந்து மூன்று மாதம் போகட்டும். உடம்போடு ஒட்டிய டி-ஷர்ட், முட்டிக்கு மேலே நிற்கிற ஷார்ட்ஸ், உள்ளே செருகிவிடுங்கள். தலைமுடியை இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டுங்கள், ஹேர்பின் கூடாது. வளையல், கொலுசு, தோடு எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் முன்னால் சாப்பாடு, போகும்போது ஒரு வாழைப்பழம், தண்ணீர் பாட்டில். பார்த்துவிட்டு வந்து என்ன நடந்தது என்று இங்கேயே எழுதுங்கள்.